பென்சிலும் பொதுப்புத்தியும்: தென்னாப்பிரிக்க இனவகைப்பாடு குறித்து

சட்டம் சொன்னதும் சொல்லாததும்

தென்னாப்பிரிக்காவின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம், 1950ஆம் ஆண்டின் 30ஆம் எண் சட்டம், நாட்டில் வாழ்ந்த ஒவ்வொருவரையும் மூன்று பிரிவுகளில் ஒன்றில் பதியச் சொன்னது: வெள்ளையர், சுதேசி, கலர்ட். வெள்ளையர் யார் என்ற கேள்விக்கு அது தந்த விடை விசித்திரமானது. பார்த்த மாத்திரத்தில் வெள்ளையராகத் தெரிபவர் வெள்ளையர். அல்லது, வெள்ளையர் என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுபவர் வெள்ளையர். பார்வைக்கு அப்பழுக்கில்லாத வெள்ளையராக இருந்தும் சுற்றியிருப்பவர்கள் அவரைக் கலர்ட் என்று கருதி வந்தால் அவர் அந்தப் பிரிவுக்குள் வரமாட்டார். சுதேசி என்பவர் ஆப்பிரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்தவர், அல்லது அப்படிப் பொதுவாகக் கருதப்படுபவர். இரண்டிலும் சேராத மீதிப்பேர் அனைவரும் கலர்ட். வரையறை அவ்வளவுதான். மண்டையோட்டின் அளவோ இரத்தப் பிரிவோ பாட்டன் பூட்டன் கணக்கோ அதில் இல்லை.

அதே நூற்றாண்டின் மற்ற இனச் சட்டங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு தளர்வானது என்பது தெரியும். 1924இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் இயற்றிய சட்டம் வம்சாவளியைத் தோண்டியது. மூதாதையரில் கறுப்பர் ஒருவர் இருந்தாலே போதும், வெள்ளையர் தகுதி பறிபோகும். 1935இன் நியூரம்பெர்க் சட்டங்கள் ஒருவருடைய தாத்தா பாட்டிகள் நால்வரில் எத்தனை பேர் யூதர்கள் என்று எண்ணின. இருபதாம் நூற்றாண்டில் இனத்தின் பேரால் மிக நீண்டகாலம், மிக விரிவாக ஆட்சி நடத்திய அரசோ, தன் அடித்தளச் சட்டத்தை ஊரார் அபிப்பிராயத்தின் மீது கட்டியது. ஏன்?

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அதுதான். வரையறையின் தளர்ச்சி சட்டம் எழுதியவர்களின் கவனக்குறைவு அன்று என்பதும், அபார்த்தைட் எனப்பட்ட இன ஒதுக்கல் ஆட்சியின் பலமே அதில் இருந்தது என்பதும் என் வாதம். இனம் என்பது உயிரியல் உண்மை என்பதைவிடச் சமூகக் கட்டுக்கதையே என்று 1950இலேயே யுனெஸ்கோ அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில்தான் இந்தச் சட்டமும் வந்தது. அந்த அறிக்கையால், அறிவியலைச் சாராத இந்தச் சட்டத்துக்கு ஒரு கீறல்கூட விழவில்லை, விழவும் முடியாது.

முன்னோர் தந்த விளக்கங்கள்

அபார்த்தைட் என்றதும் முதல் விளக்கமாக உயிரியல் இனவாதம் நினைவுக்கு வருவது இயல்பு. தென்னாப்பிரிக்காவில் அறிவியல் முகமூடி அணிந்த இனவாதம் செழித்திருந்தது உண்மை. வரலாற்றாசிரியர் சால் டுபோ 1995இல் வெளியிட்ட நூலில் அதன் வரலாறு விரிவாக இருக்கிறது. ஆனால் அபார்த்தைடின் அறிவுஜீவிகள் பலர் உயிரியலை முன்னிறுத்தவில்லை. பின்னாளில் கறுப்பர்களுக்கான பாண்டு கல்வித் திட்டத்தை வடிவமைத்த மானுடவியலர் ஐஸலன், கறுப்பர்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்பதற்குச் சான்று இல்லை என்று 1920களிலேயே சொன்னவர். பண்பாடுகள் தனித்தனியே வளர வேண்டும் என்பதே அவர் முன்வைத்த நியாயம். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் கெஃப்ரி குரோன்யே 1945இல் எழுதிய நூல், கலப்பு பற்றிய அச்சத்தால் நிரம்பி வழிவது. அவர் சமூகவியல் பேராசிரியர். அபார்த்தைடின் சிற்பி என்று அழைக்கப்படும் ஹெண்ட்ரிக் வெர்வூர்ட், அரசியலுக்கு வருமுன் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் சமூகப்பணியும் கற்பித்த பேராசிரியர். இனவகைப்பாட்டைச் சமூகவியல் நோக்கில் ஆராய்கிறோம் என்று சொல்லிக்கொள்பவர்கள், அந்த வகைப்பாட்டின் பிரசவ அறையில் தங்கள் துறையும் இருந்தது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

இரண்டாவது விளக்கம் தாராளவாதிகளுடையது. 1929இல் தொடங்கப்பட்ட தென்னாப்பிரிக்க இன உறவுகள் நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த மரபு இது. சிகாகோவின் ராபர்ட் பார்க் வகுத்த சுழற்சி இதற்குப் பின்னணியில் உண்டு: இனங்கள் சந்திக்கும், போட்டியிடும், ஒத்துப்போகும், கடைசியில் ஒன்றில் ஒன்று கரையும். தொழில்மயம் வளர வளர, திறமையைத் தேடும் சந்தை நிறவேறுபாட்டைப் பொருளற்றதாக்கிவிடும் என்று இம்மரபினர் நம்பினார்கள். பார்க்கின் சிகாகோ மரபிலேயே வந்த ஹெர்பர்ட் புளூமர் 1965இல் இந்த நம்பிக்கையை உடைத்தார். தொழிற்சாலை ஊரின் இன ஒழுங்கை மாற்றுவதில்லை, அதற்குத் தக்கபடி தன்னை அமைத்துக்கொள்கிறது என்றார் அவர். வெள்ளைத் தொழிலாளியின் கோபத்துக்கு ஆளாக விரும்பாத மேலாளர், கறுப்பர் ஒருவருக்கு மேற்பார்வைப் பதவி தராமல் இருப்பது கணக்குப் பார்த்து எடுக்கும் முடிவாகவே இருக்க முடியும். 1950களிலும் 60களிலும் தென்னாப்பிரிக்கப் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது. இனச் சட்டங்களும் கூடவே இறுகின. புளூமர் பக்கம்தான் சான்று நிற்கிறது.

மூன்றாவது, மார்க்சியர்களுடைய விளக்கம். ஹெரல்ட் வோல்ப் 1972இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின்படி, சுரங்கங்களுக்கு மலிவான கூலியாட்கள் தேவை. அவர்களுடைய குடும்பங்களைப் பராமரிக்கும் செலவை ஒதுக்கப்பட்ட கிராமப் பகுதிகளின் விவசாயம் சுமந்தது. அந்த ஏற்பாடு சிதையத் தொடங்கியபோது அதை வன்முறையால் தாங்கிப் பிடிக்க வந்ததே அபார்த்தைட். கறுப்புத் தொழிலாளர்களின் நிலையை விளக்க இதைவிடக் கூர்மையான வாதம் அதிகம் இல்லை. ஆனால் கேப் டவுனில் ஒரு தையல்காரர் வெள்ளையரா கலர்டா என்று முடிவுசெய்ய அதிகாரிகள் ஏன் மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள் என்பதற்கு மலிவுக் கூலி விடையாகாது.

அந்த இடத்தில்தான் ஆய்வாளர் டெபோரா போசலின் ஆய்வு கைகொடுக்கிறது. 2001இல் வெளிவந்த அவருடைய கட்டுரைகள், வகைப்பாட்டு அலுவலகங்களின் அன்றாட வேலையைப் பார்த்து, இனம் அங்கே பொதுப்புத்தியாக இயங்கியது என்று காட்டின. எவர் எந்த இனம் என்பது வெள்ளைக்காரர் எவருக்கும் தானே தெரியும் என்ற துணிபை அரசு ஒரு நிர்வாக முறையாக்கியது. உள்துறை அமைச்சர் டோங்கஸ் வம்சாவளிச் சோதனையைத் தவிர்த்ததற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து கலந்து வாழ்ந்த கேப் பகுதியில் பூட்டன் பூட்டியைத் தேடிப் போனால், ஆளும் தேசியக் கட்சிக்கு ஓட்டுப் போட்ட ஆஃப்ரிக்கானர் குடும்பங்கள் பலவற்றின் வண்டவாளம் தண்டவாளம் ஏறியிருக்கும்.

வகைப்படுத்தும் மேசை

1950க்கு முன்பும் இனச் சட்டங்கள் ஏராளம். ஆனால் ஒவ்வொரு சட்டமும் தனக்கென ஒரு வரையறை வைத்திருந்தது. ஒரே ஆள் ஒரு சட்டத்தின் கண்ணில் ஓர் இனமாகவும் இன்னொன்றின் கண்ணில் வேறொரு இனமாகவும் இருக்க முடிந்தது. புதிய சட்டம் அந்த இடுக்கை அடைத்தது. ஒருவருக்கு ஒரே இனம், அது பதிவேட்டில் இருக்கும், அடையாள எண்ணோடு வாழ்நாள் முழுதும் தொடரும். எங்கே குடியிருக்கலாம், யாரை மணக்கலாம், எந்தப் பள்ளி, எந்த மருத்துவமனை, எந்த ரயில்பெட்டி என எல்லாவற்றையும் அந்த ஒரு பதிவே தீர்மானிக்கும்.

முதல் பதிவுக்கு 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் பயன்பட்டன. கதவைத் தட்டி வந்த கணக்கெடுப்பாளர் தன் கண்ணுக்குப் பட்டதை எழுதினார். அவருக்கு எந்தச் சிறப்புப் பயிற்சியும் இல்லை; தேவை என்று எவரும் நினைக்கவும் இல்லை. முடிவை ஏற்காதவர் ஆட்சேபிக்கலாம். அடுத்த வீட்டுக்காரரும் ஆட்சேபிக்கலாம்! மூன்றாம் நபர் ஒருவர், இன்னார் வெள்ளையர் அல்ல என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து விசாரணையைக் கிளப்ப சட்டம் இடம் தந்தது. பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுபவர் என்ற சொற்றொடரின் முழு விபரீதமும் இங்கே புரிகிறது. அண்டை அயலார் அத்தனை பேரும் அரசின் உளவாளிகளாகத் தகுதி பெற்றார்கள்.

விசாரணை மேசையில் நடந்தவற்றை இன உறவுகள் நிறுவனத்தின் மியூரியல் ஹாரல் 1958இல் ஒரு சிறு நூலாகத் தொகுத்தார். கலர்ட் என்று சொல்லிக்கொண்டு வந்தவரிடம் என்ன விளையாட்டு ஆடுவாய் என்று கேட்டிருக்கிறார்கள். கால்பந்து என்றால் சுதேசி, ரக்பி என்றால் கலர்ட். எப்படிப்பட்ட கட்டிலில் படுக்கிறாய் என்ற கேள்வியும் உண்டு. உயரமான கட்டில் கலர்டுக்கு அடையாளம். தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, அது நழுவி விழுகிறதா சிக்கி நிற்கிறதா என்று பார்த்த பென்சில் சோதனை உலகப் பிரசித்தம். அது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அதிகாரிகள் தாங்களே கண்டுபிடித்த குறுக்குவழி அது. 1962இன் திருத்தமோ ஒரு படி மேலே போய், ஒருவருடைய பழக்கவழக்கம், கல்வி, பேச்சு, நடத்தை, தோரணை ஆகியவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியது. வர்க்கத்தின் அடையாளங்கள் இனத்தின் சான்றுகளாயின.

அந்தத் திருத்தம் வந்த ஆண்டில்தான் டர்பனைச் சேர்ந்த சீனர் ஒருவர், அவரைத் தங்களில் ஒருவராக ஏற்பதாக வெள்ளை நண்பர்கள் கையெழுத்திட்ட மனுவோடு போய், வெள்ளையராக மறுவகைப்பாடு பெற்றார். சட்டத்தின் எழுத்துப்படி அதில் தவறே இல்லை. அதன் பிறகுதான் தோற்றம், ஏற்பு இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று இறுக்கினார்கள். ஏறத்தாழ அதே வேளையில் ஜப்பானிய இரும்பு ஆலையோடு பெரிய வணிக ஒப்பந்தம் கைகூடியது; ஜப்பானியர் கௌரவ வெள்ளையர் ஆனார்கள். அவர்களோடு சாயலில் அதிகம் வேறுபடாத சீனர்கள் கலர்ட் பிரிவின் ஓர் உட்பிரிவாகவே தொடர்ந்தார்கள்.

சான்ட்ரா லேயிங்கின் வாழ்க்கை இந்த மேசையின் குரூரத்தைக் காட்டப் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. பெற்றோர் இருவரும் வெள்ளையர், தேசியக் கட்சி ஆதரவாளர்கள். 1955இல் பிறந்த மகள் மாநிறமாகவும் சுருட்டை முடியோடும் இருந்தாள். 1966இல், பத்து வயதில், வெள்ளையர் பள்ளியிலிருந்து போலீஸ்காரர்கள் அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அவள் கலர்ட் என்று மறுவகைப்படுத்தப்பட்டாள். தந்தை நீதிமன்றம் ஏறினார். 1967இல் சட்டம் திருத்தப்பட்டு, வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை வெள்ளையரே என்று ஆனதும் அவள் மீண்டும் வெள்ளைக்காரியானாள். பதிவேடு மாறியும் வெள்ளைப் பள்ளிகள் அவளைச் சேர்க்கவில்லை. பின்னர் கறுப்பர் ஒருவரோடு வாழப் போய், பெற்றோரின் உறவை இழந்து, தன் பிள்ளைகளைச் சட்டப்படி தன்னோடு வைத்துக்கொள்வதற்காக மறுபடியும் கலர்ட் ஆக விண்ணப்பித்தார். வகைகள் ஒருவருடைய வாழ்க்கைக் கதையைப் பிடித்து முறுக்குகின்றன என்று ஆய்வாளர்கள் பௌக்கரும் ஸ்டாரும் வகைப்பாடு பற்றிய 1999ஆம் ஆண்டு நூலில் எழுதியதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

இருந்தும், எல்லைக்கோட்டு வழக்குகள் மீதான இந்த ஈர்ப்பு குறித்து எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நாவலுக்கும் சினிமாவுக்கும் அவை நல்ல தீனி. ஆனால் மறுவகைப்பாட்டு மேசைக்கு வந்தவர்கள் சிறு தொகையினர். நாட்டின் பெரும்பான்மையான ஆப்பிரிக்கர்கள் அந்த மேசையைப் பார்த்ததே இல்லை. ஆண்டுதோறும் நடந்த மறுவகைப்பாடுகளில் கறுப்பர் ஒருவர் நேரே வெள்ளையரானதும் அநேகமாக இல்லை. அவர்களைத் துரத்தியது 1952இன் சட்டம். பாஸ் எனப்படும் நடமாட்ட அனுமதிச்சீட்டுகளை ஒழிக்கும் சட்டம் என்று தலைப்பிட்டுக்கொண்டு, பதினாறு வயதான ஒவ்வொரு ஆப்பிரிக்கரையும் பாஸ்களெல்லாம் ஒன்றாய்த் தைத்த ஒரு குறிப்பேட்டைச் சுமக்க வைத்த சட்டம் அது. 1916 முதல் 1984 வரை பாஸ் சட்டங்களின் கீழ் நடந்த கைதுகளும் வழக்குகளும் ஒரு கோடியே 77 லட்சம் என்று சமூகவியலர் மைக்கேல் சாவேஜ் 1986இல் கணக்கிட்டார். ஓரத்தில் எழுந்த ஐயங்களை விசாரித்துத் தீர்த்த அந்த நிதானமே, நடுவில் இருப்பவர்களின் இனம் ஐயத்துக்கு இடமில்லாத இயற்கை உண்மை என்ற தோற்றத்தைத் தந்தது.

நேட்டாலின் இந்தியர்

வகைப்பாடு இனத்தைப் படைக்கிறதா, ஏற்கெனவே இருப்பதைப் பதிவு செய்கிறதா? தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஒரு பிரிவை வைத்து இதைச் சோதிக்கலாம்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ கப்பல் டர்பன் துறையில் நின்றது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகள் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் ரயில்வேக்கும் சுரங்கங்களுக்கும் சென்றார்கள். பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும். மற்றவர்கள் கல்கத்தா வழியாகச் சென்ற போஜ்புரி வட்டாரத்தவர். சொந்தச் செலவில் பின்னால் வந்த குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள் தங்களைக் கூலிகளிலிருந்து பிரித்துக்காட்ட அராபியர் என்று சொல்லிக்கொண்டார்கள். காந்தி தன் சுயசரிதையில் இதைக் குறிப்பிடுகிறார். இந்தியர் என்ற ஒற்றை இனம் கப்பலில் இறங்கி வரவில்லை.

1950இன் சட்டத்தில் இந்தியருக்குத் தனிப் பெட்டியும் இல்லை. அவர்கள் மீதிப்பேரில் அடங்கினார்கள். 1959இன் ஓர் அரசாணை கலர்ட் பிரிவை ஏழாக உடைத்தபோது கேப் கலர்ட், கேப் மலாய், கிரிகுவா, சீனர், பிற ஆசியர், பிற கலர்ட் ஆகியோரோடு இந்தியர் ஓர் உட்பிரிவானார்கள். தேசியக் கட்சியின் பார்வையில் அவர்கள் திருப்பி அனுப்பப்பட வேண்டிய அந்நியர்கள். நிரந்தர மக்கள் என்ற ஏற்பு 1961இல்தான் வந்தது. அதன்பின் நடந்தவை கவனத்துக்குரியவை. இந்தியர் விவகாரத் துறை தொடங்கப்பட்டது. டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் 1961இல் இந்தியர்களுக்கென ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. அது பின்னர் டர்பன்–வெஸ்ட்வில் பல்கலைக்கழகமானது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப்பகுதிகள் சட்டம், டர்பனின் கேட்டோ மேனரில் தலைமுறைகளாகக் காய்கறித் தோட்டம் போட்டு வாழ்ந்த குடும்பங்களைப் பெயர்த்து, 1960களில் சாட்ஸ்வொர்த் என்ற இந்தியர் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தது. அங்கே தமிழரும் தெலுங்கரும் இந்திக்காரரும் குஜராத்தியரும் ஒரே தெருவில், ஒரே பள்ளியில், ஒரே பேருந்தில் இருக்க நேர்ந்தது. 1960இல் வெளியான தன் நூலில் மானுடவியலர் ஹில்டா குப்பர் மொழி, மதம், சாதி என்று இந்தியரிடையே கண்ட உட்பிரிவுகள் இரண்டு தலைமுறைகளில் மங்கின. கோவெண்டர், பிள்ளை, நாயுடு, படையாச்சி என்று சாதிப் பட்டங்கள் குடும்பப் பெயர்களாக எஞ்சின; வீட்டு மொழி பெரும்பான்மையினருக்கு ஆங்கிலமாயிற்று. கோயில் நிகழ்வுகள் தொடர்ந்தன. கேட்டோ மேனரில் வீடுகள் இடிபட்ட பிறகும் அங்கிருந்த அம்பலவாணர் ஆலயத்துக்கு ஈஸ்டர் விடுமுறையில் தீமிதிக்கக் கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது.

இதை வைத்து, பெட்டிதான் இந்தியரை உண்டாக்கியது என்று முடித்துவிட ஆசை எழும். முழு உண்மை அது அல்ல. 1949 ஜனவரியில், வகைப்பாட்டுச் சட்டம் வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே, டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே வெடித்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். கடைக்காரர், பேருந்து முதலாளி, குடிசை நிலத்தின் உரிமையாளர் என்ற பாத்திரங்களில் இந்தியர்களைச் சந்தித்த ஆப்பிரிக்கர்களுக்கு, யார் இந்தியர் என்று அரசு சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1946இல் நில உரிமையைப் பறித்த சட்டத்துக்கு எதிராக இந்தியா ஐக்கிய நாடுகள் சபைக்குப் போனதும் இந்தியர் என்ற பெயரில்தான். வகைப்பாடு சூனியத்திலிருந்து எதையும் படைக்கவில்லை. தெருவில் ஏற்கெனவே புழங்கிய ஒரு பிரிவினைக்கு அது முகவரி தந்தது, நிதி ஒதுக்கியது, தலைமையாசிரியர்களையும் குமாஸ்தாக்களையும் நியமித்தது, அதனால் வாழ்பவர்களையும் உருவாக்கியது. இனம் உருவாக்கப்படுவது என்ற சமூகவியலர்கள் ஓமி, வினன்ட் ஆகியோரின் கோட்பாட்டை நான் ஏற்கிறேன். ஆனால் உருவாக்குபவர் அரசு மட்டுமே என்று வாசிப்பவர்கள் டர்பனின் 1949ஐ எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

பெட்டியை மறுத்தவர்களும் இருந்தார்கள். ஸ்டீவ் பிகோவின் கறுப்பு உணர்வு இயக்கம் கறுப்பர் என்ற சொல்லுக்குள் ஆப்பிரிக்கர், கலர்ட், இந்தியர் மூவரையும் சேர்த்தது. சட்டத்தாலும் வழக்கத்தாலும் ஒடுக்கப்படுபவர் எவரோ அவரே கறுப்பர். டர்பனின் சாத்ஸ் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் அந்த இயக்கத்தின் முன்வரிசையில் நின்று, 1970களின் வழக்கில் தண்டிக்கப்பட்டு ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். 1984இல் கலர்டுகளுக்கும் இந்தியர்களுக்கும் தனித்தனி அவைகள் தந்து, ஆப்பிரிக்கர்களை வெளியே நிறுத்திய மூன்றவை நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் நடந்தபோது, பதிவான இந்திய வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே ஓட்டுப் போட்டார்.

டர்பன், 2001

அதே டர்பனில் 2001இல் இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு நடந்தது. சாதியை அந்த மாநாட்டின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்க வேண்டும் என்று தலித் அமைப்புகள் கோரின. இந்திய அரசு எதிர்த்தது. சமூகவியலர் ஆந்த்ரே பெத்தேய் தி இந்து நாளிதழில் எழுதி எதிர்ப்புக்கு வலுச் சேர்த்தார். இனம் உயிரியல் சார்ந்த கருத்து, மானுடவியல் அதைக் கைவிட்டுவிட்டது, சாதியை அதோடு ஒட்டவைப்பது அறிவியலுக்குப் புறம்பானது என்பது அவர் வாதத்தின் சாரம்.

பெத்தேயின் புலமை மீது மரியாதை உண்டு. ஆனால் மாநாடு நடந்த நாட்டின் சட்டப் புத்தகமே அவருக்கு எதிர்ச்சான்று. தென்னாப்பிரிக்க இனவகைப்பாடு பெரும்பாலும் உயிரியலைக் கேட்கவில்லை. தோற்றம், ஊரார் ஏற்பு, குடியிருக்கும் தெரு, பழகும் கூட்டம், பேச்சு, தோரணை ஆகியவற்றைத்தான் கேட்டது. பிறப்பால் வந்து ஊரார் வாயால் உறுதிப்படும் தகுதி, அதோடு பிணைந்த நிலம், மணம், வேலை: இந்த இயக்கமுறையில் சாதியோடு ஒப்பிட நியாயமான இடம் இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சமூகவியலர் ஆலிவர் காக்ஸ் 1948லேயே இரண்டையும் குழப்பக்கூடாது என்று வாதாடினார். இந்தியச் சாதியைப் பற்றிய அவருடைய சித்திரம் புத்தகத்திலிருந்து எடுத்த சித்திரம் என்றாலும், இன ஒடுக்குமுறை முதலாளியத்தோடு பிறந்தது என்ற அவர் எச்சரிக்கை எடையுள்ளது. ஒப்பிடவே கூடாது என்ற தடைதான் செல்லாது. மாநாட்டின் இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல் இடம்பெறவில்லை. அடுத்த ஆண்டே, 2002இல், இனப்பாகுபாடு ஒழிப்புக்கான ஐ.நா. குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் பிறப்புவழிப் பாகுபாட்டுக்குள் சாதியையும் சேர்த்தது.

1991க்குப் பின்

மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. பெட்டிகள் நீங்கவில்லை. 1996 கணக்கெடுப்பிலிருந்து மக்கள் தங்கள் பிரிவைத் தாங்களே சொல்கிறார்கள். 2022 கணக்கெடுப்பின்படி கறுப்பின ஆப்பிரிக்கர் 81.4 விழுக்காடு, கலர்ட் 8.2, வெள்ளையர் 7.3, இந்தியர் அல்லது ஆசியர் 2.7. சொல்லுபவர் மாறினார், சொல்லும் வகைகள் அநேகமாக அப்படியே இருக்கின்றன.

1998இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் ஆப்பிரிக்கர், கலர்ட், இந்தியர் மூவரையும் கறுப்பர் என்ற பொதுப்பெயரில் அடக்கி அவர்களுக்கு முன்னுரிமை தருகிறது. பிகோவின் அரசியல் சொல் அரசாங்கத்தின் நிர்வாகச் சொல்லானது. ஆப்பிரிக்கர் யார், கலர்ட் யார் என்று அந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. ஊழியர் ஒரு படிவத்தில் தன் பிரிவைக் குறிக்க வேண்டும். குறிக்க மறுத்தால்? நம்பத்தகுந்த பழைய தரவுகளையும் நடப்புத் தரவுகளையும் கொண்டு முதலாளியே முடிவுசெய்யலாம் என்கின்றன விதிகள். பழைய தரவு என்றால் எது? மீண்டும் 1950இன் பதிவேடு, அல்லது அலுவலக மேலாளரின் கண்.

பெட்டிகளின் விளிம்பு இன்றும் நீதிமன்றத்துக்குத்தான் போகிறது. சீனத் தென்னாப்பிரிக்கர்கள் அபார்த்தைடில் வெள்ளையராகவும் இல்லை, அதன் பிறகு கறுப்பராகவும் இல்லை. 2008இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அவர்களைக் கறுப்பர் என்ற வரையறைக்குள் சேர்த்தது. மேற்கு கேப் மாகாணத்தின் சிறைத்துறையில் கலர்ட் ஊழியர்களுக்குப் பதவி மறுக்கப்பட்டது. தேசிய விகிதத்தில் அவர்கள் சுமார் 9 விழுக்காடுதான் என்று துறை கணக்குக் காட்டியது. அந்த மாகாணத்திலோ 2011 கணக்கின்படி ஏறத்தாழப் பாதிப்பேர் கலர்ட். மாகாண விகிதத்தையும் பார்த்திருக்க வேண்டும் என்று 2016இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ராபன் தீவுச் சிறையில் பத்தாண்டு கழித்த நெவில் அலெக்சாண்டர், தான் இறந்த 2012 வரை, பரிகாரத்துக்காகக்கூட இனப்பெட்டிகளைப் பயன்படுத்தக்கூடாது என்று வாதாடினார். வருமானம், மொழி, படித்த பள்ளி போன்ற அளவுகோல்களே போதும் என்றார். கெர்ஹார்ட் மாரே 2014இலும் ஸிமிட்ரி எராஸ்மஸ் 2017இலும் வெளியிட்ட நூல்கள் வெவ்வேறு வழிகளில் அதே கவலையை எழுப்புகின்றன. எதிர்த்தரப்பின் கேள்வியும் தட்டிக்கழிக்கக்கூடியதன்று. வேலையின்மை ஆப்பிரிக்கர்களிடையே வெள்ளையர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று நமக்குத் தெரிவதே அந்தப் பெட்டிகளால்தான். இனவாரிக் கணக்கே எடுக்காத பிரான்சில் பாகுபாடு இல்லாமல் போகவில்லை. அளக்க வழியில்லாமல் போயிற்று.

எண்ணுவதையும் பங்கிடுவதையும் பிரித்துப் பார்த்தால் இந்த முடிச்சு கொஞ்சம் தளரும் என்று நினைக்கிறேன். ஏற்றத்தாழ்வை அளக்கும் கணக்கெடுப்பில் பெட்டிகள் இருக்கட்டும். ஓர் இடத்தை இவருக்கா அவருக்கா என்று தீர்மானிக்கும்போது, அபார்த்தைட் விட்டுச்சென்ற இழப்பை நேரடியாக அளக்கும் சான்றுகள் உள்ள இடங்களில் அவற்றுக்கு முதலிடம் தரலாம். கேப் டவுன் பல்கலைக்கழகம் 2014இல் ஏற்ற சேர்க்கைக் கொள்கை படித்த பள்ளி, பெற்றோரின் கல்வி, வீட்டுமொழி ஆகியவற்றை எடைபோட்டு, இனத்தையும் ஒரு பங்குக்கு வைத்துக்கொண்டது. அரைகுறை ஏற்பாடுதான், முழுமையான இரு வாதங்களையும்விட அது நடைமுறைக்கு நெருக்கமானது. வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டமோ வகைகளைப் பெயரிட்டுவிட்டு, அவற்றில் யார் அடங்குவர் என்ற கேள்வியை முதலாளியின் பார்வைக்கும் பழைய பதிவேட்டுக்கும் விட்டுவைத்திருக்கிறது. படிவத்தை நிரப்ப மறுக்கும் ஊழியரின் இனத்தை அவருடைய மேலாளர் பார்த்து எழுத இடம்தரும் அந்த விதியை முதலில் நீக்க வேண்டும்.